பிரெஞ்சு முந்திரிகை ரசம்

பொய் சொல்கிறவர்களைப் பற்றி உலகம் தேவைக்கு அதிகமாகவே எச்சரித்துவிட்டது. பொய்யே சொல்லமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவனைப் பற்றி ஒருவரும் எச்சரிப்பதில்லை. அவன்தான் ஆபத்தானவன். பொய்யன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்விடுவான். இவன் உண்மையில் ஒரு மூலையைத் தேடிப்பிடித்து, அதற்குள் போய்க் குந்திக்கொண்டு, "நான் பொய் சொல்லவில்லையே" என்று உங்களைப் பார்ப்பான். இருபத்தெட்டு வயதில் நான் அப்படியான ஒருவனாக இருந்தேன். (இப்போது இல்லையா என்று கேட்டால், அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன்.)

சம்பவம் நடந்தது 1996 பெப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரியான திகதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. வெப்பநிலையும் இருக்கிறது: மைனஸ் இருபத்திரண்டு. திகதியை மட்டும் இங்கே எழுதக்கூடாது என்பது மனைவியின் கட்டளை. எழுதினால் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் யாராவது தொலைபேசி எடுத்துச் சிரிப்பார்களாம். நாட்டைவிட்டு வெளிக்கிடும்போது மற்றவர்கள் நகை கொண்டுவந்தார்கள், படங்கள் கொண்டுவந்தார்கள். நான் ஒன்பது நாட்குறிப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்தேன். அப்படிப்பட்ட ஒருவனைத் திகதி எழுதாதே என்று சொல்வது பெரிய தண்டனை. அனுபவிக்கிறேன்.

அந்த நாட்களில் நானும் ரவியும் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தோம். ரவி என்னைவிட ஒரு வயது மூத்தவன். கார் வைத்திருந்தவன். ஆகவே என் வாழ்க்கையின் மீது அதிகாரம் உள்ளவன். எனக்கு வேலை டவுன்ரவுனில் ஒரு சின்னப் பிரெஞ்சு உணவகத்தில். காலையில் வெங்காயம் உரிக்கத் தொடங்கினால் மத்தியானம் கரட்டில் முடியும். கலியாணம் பேசும் இடங்களில் ரவி இதைப் "பிரெஞ்சுக் கொம்பனியிலை வேலை" என்று சொல்லிவந்தான். நான் ஆட்சேபித்தேன்.

"ஏன், அது பிரெஞ்சு இல்லையோ?"

"பிரெஞ்சுதான்."

"கொம்பனி இல்லையோ? பதிஞ்சு நடத்திற கொம்பனிதானே?"

யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை. ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெப்ரவரியில் வந்த சம்பந்தம் எனக்கு ஆறாவது. முந்திய ஐந்தும் ஐந்து விதமாகக் குழம்பின. அந்த ஐந்து பெண்களின் படங்களும் ஸ்ரூடியோவில் எடுத்தவை. பின்னால் திரை, பக்கத்தில் பூச்சாடி. ஆறாவது படத்தில் இருந்த பெண் குளிர்கோட்டு போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் நின்றாள். படம் எடுத்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் சுகந்தி. தாய் தகப்பன் ஊரில். இங்கே ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். அந்தப் படத்தை நான் நாட்குறிப்புக்குள் வைத்திருந்தேன். ஒரு நாளில் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்ற குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதையும் வெளியிடக்கூடாது என்று கட்டளை.

படத்தோடு வந்த குறிப்பில் வயது இருபத்தாறு என்று இருந்தது. கூடவே சாதகமும் இருந்தது. கிரகங்கள் நின்ற இடம் தெரிந்தால் திகதி கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. ஒரு பழைய பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் இருந்து பார்த்தேன். இருபத்தாறு என்று எழுதியவர்கள் வியாழனை நகர்த்த மறந்துவிட்டார்கள். பெண்ணுக்கு இருபத்தெட்டு. என்னைவிட நாலு மாதம் மூப்பு. எங்கள் ஆட்களிடம் இது ஒரு சம்பந்தத்தைக் குழப்பப் போதுமான விசயம். நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சாதகத்தை மடித்துப் படத்தோடு வைத்தேன். இந்த ஆறாவதும் குழம்பினால் ஏழாவதைப் பார்க்க எனக்கு மனமில்லை என்பதை மட்டும் அன்று எழுதி வைத்தேன்.

பெரியப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர். இங்கே கோயில் நிர்வாகசபையில் முக்கியமானவர். தேத்தண்ணியையே ஒரு போதைப்பொருளாகச் சந்தேகிக்கிறவர் என்று கேள்வி. என்னைப் பற்றி ரவியிடம் தொலைபேசியில் மூன்றே மூன்று கேள்விகள்தான் கேட்டாராம்: குடியோ, சிகரெட்டோ, மச்சமோ? முதல் இரண்டுக்கும் ரவி இல்லை என்றான். அது முழு உண்மை. நான் பியர் போத்தலைக் கையாலும் தொட்டதில்லை. மீன் இறைச்சி பற்றிய மூன்றாவதுக்கு, "வெள்ளிக்கிழமையிலை தொடமாட்டான்" என்றானாம். அதுவும் உண்மை.

பெண் பார்க்கப் போகும் ஞாயிறு, இரண்டு மணிக்கு என்னை விடவேண்டும் என்று உணவக முதலாளியிடம் கேட்டிருந்தேன். அவரை நாங்கள் முசியே என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது, பெரிய மீசை, எதற்கும் கண்கலங்கும் மனம். இரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளிக்கிட்டபோது, நிலவறையிலிருந்து பத்திரிகையில் சுற்றிய ஒரு போத்தலோடு ஏறி வந்தார்.

போர்தோ பக்கத்தில் அவருடைய தாய்மாமனுக்கு ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்கிறதாம். நாலாவது தலைமுறையாம். மாமன் கொடி வெட்டுவாராம், இரண்டு மகன்களும் பழம் பறித்துப் பிழிவார்களாம், போத்தலில் ஒட்டும் தாளில் உள்ள வீட்டுப் படத்தை மாமியே கையால் கீறினாவாம். வெளியாள் ஒருவர் கை வைத்தது கிடையாதாம். முசியே ஊருக்குப் போனபோது காலுறைகளுக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சிவப்பு வைன் அது.

"பெண்ணின் தகப்பனுக்குக் கொடு," என்றார். "எங்கள் குடும்பத்தில் இது இல்லாமல் ஒரு கலியாணமும் பேசுவதில்லை." பிறகு பத்திரிகையை விலக்கி, தாளில் இருந்த வருடத்தை விரலால் தட்டிக் காட்டினார். "அருமையான வருடம்!"

1983.

அந்த எண்ணைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வைன் ஞாபகம் வராது. அந்த ஆடிக் கலவரத்தில் நாங்கள் கொழும்பில் வீட்டையும் விட்டு, உடுத்த உடுப்போடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்திருந்து, கப்பலில் ஊர் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் போய் மூச்சு விட்டு நிமிர்ந்த நேரம் முசியேயின் மாமன் குடும்பம் பழம் பறிக்கத் தொடங்கியிருக்கும். நல்ல வெயில் அடித்திருக்கும். அவர்களுக்கு அது அருமையான வருடம்தான். அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது?

"நான் குடிப்பதில்லை, அவர்களும் குடிப்பதில்லை, தயவுசெய்து வேண்டாம்" என்று சொல்லியிருக்கவேண்டும். முசியேயின் கண் கலங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே, "மிக்க நன்றி, அவர்கள் இதை ஒருநாளும் மறக்கமாட்டார்கள்" என்றேன். (நான் அன்று சொன்னவற்றில் கலப்படமில்லாத உண்மை இது ஒன்றுதான்.)

வாசலில் ரவி காரோடு நின்றான்.

"உதென்னடா கையிலை?"

"வைன்."

"விசரா! பொம்பிளை பாக்கப் போறியோ, பார்ட்டிக்குப் போறியோ?"

"காருக்குள்ளை விட்டிட்டுத்தான் போறது."

"அப்ப சரி. சீற்றுக்குக் கீழை வை. ஆரும் கண்டால் நான் உன்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போடுவன்."

டோர்செட் பார்க்கில் காரை நிறுத்தும்போது மணி மூன்று முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது. அதற்கு முதல் பேசி முடிக்கவேண்டும். கார்க் கதவைச் சாத்தும்போதுதான் நான் வாசித்த ஒரு விசயம் நினைவில் வந்து தொலைத்தது.

"ரவி, வைன் உறையும்."

"உறையட்டும்."

"உறைஞ்சால் கனவளவு கூடும். போத்தல் வெடிக்கும். நாலு தலைமுறை உழைப்படா."

"அவங்கடை தலைமுறைக்கு நான் என்ன செய்ய?"

"சிவப்பு வைன். சீற்றிலை ஊறினால் கறை போகாது."

ரவி அந்தக் காரை வாங்கி இரண்டு மாதம்தான். ஒரு கணம் வானத்தைப் பார்த்தான். "கோட்டுக்கை வை," என்றான். "உள்ளுக்கை போய்க் கோட்டைக் கழட்டாதை. செத்தாலும் கழட்டாதை."

கதவைத் திறந்தது பெரியம்மா. வட்ட முகம், நெற்றி நிறைய விபூதி, குசினியிலிருந்து ஓடிவந்த வேகம். வீட்டுக்குள்ளே கண்ணாடி வேர்க்கும் அளவுக்குச் சூடு.

"வாங்கோ வாங்கோ. கோட்டைக் கழட்டித் தாங்கோ தம்பி."

"பரவாயில்லை அன்ரி. எனக்குக் கொஞ்சம் குளிருது."

"உள்ளுக்கை என்ன குளிர்? தாங்கோ, கொழுவி விடுறன்."

அவ ஒரு கையைப் பிடித்து இழுத்தா. நான் மறுகையால் பிடித்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியம்மாவோடு கோட்டுக்காக இழுபறிப்பட்ட முதல் மாப்பிள்ளை நான்தான் என்று நினைக்கிறேன். கோட்டு அவ பக்கம் போனது. போத்தலின் கழுத்து வெளியே வந்தது.

"உதென்ன தம்பி, போத்தல்?"

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. "வைன்" என்றால் சம்பந்தம் அந்த வாசலிலேயே முடிந்தது. "ஒன்றுமில்லை" என்றால் பொய். மூன்றாவது வழியை என் படிப்பு காட்டிக்கொடுத்தது. நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். அங்கே பூசையில் பாதிரியார் கிண்ணத்தில் ஊற்றும் வைனுக்குத் தமிழ், முந்திரிகை ரசம். (தமிழ்நாட்டு வாசகர்கள் மன்னிக்கவேண்டும். எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் நினைக்கும் பருப்பு எங்களுக்குக் கஜு.) சுத்தமான தமிழ். சத்தியமான சொல்.

"முந்திரிகை ரசம், அன்ரி. பிரான்சிலையிருந்து வந்தது."

நான் மறந்த விசயம் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டில் போத்தலில் இருக்கும் ரசம் என்றால் அது பூசைக் கிண்ணத்துக்குப் போவதில்லை. அது நெல்லி ரசம், முந்திரிகை ரசம் என்று கடையில் விற்கும் இனிப்புப் பாகு. தண்ணீர் விட்டுக் கலக்கி, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற சாமான்.

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "இஞ்சாருங்கோ! பெடியன் வெறுங்கையோடை வரேல்லை. பிரான்சிலையிருந்து ரசம் கொண்டந்திருக்கிறார்!" போத்தல் குசினிக்குள் மறைந்தது.

சோபாவில் இருந்ததும் ரவி என் காதைக் கடித்தான். "டேய், என்னடா சொன்னனி?"

"பொய் சொல்லேல்லை."

"அவ உடைச்சு ஊத்தப்போறாவடா!"

"ஏலாது," என்றேன். "அதிலை இருக்கிறது கோர்க் மூடி. அதுக்கெண்டு ஒரு திருகாணி வேணும். இந்த வீட்டிலை அது இருக்கவே இருக்காது."

என் தர்க்கத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குள் மாஸ்டர் வந்து எதிரே கதிரையில் அமர்ந்தார். கோயிலில் காலையிலிருந்து வேலையாம், இன்னும் சாப்பிடவில்லையாம். கழுத்துவரை பொத்தான் போட்ட சுவெற்றர். சிரிப்பு இல்லாத முகம்.

"பிரெஞ்சுக் கொம்பனி எண்டு சொன்னவை. என்ன பகுதி?"

"உற்பத்திப் பகுதி, மாஸ்டர்."

"உமக்குக் கீழை எத்தினை பேர்?"

"இப்போதைக்கு ஒருத்தருமில்லை." (எனக்குக் கீழே நிலவறையும் உருளைக்கிழங்கு மூட்டைகளும்தான்.)

அப்போது குசினியிலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தது. தொடர்ந்து பெரியம்மாவின் குரல்.

"பிள்ளை சுகந்தி, இந்த மூடி வெளியிலை வரமாட்டன் எண்டுது. அகப்பைக் காம்பாலை உள்ளுக்கை தள்ளிப்போட்டன்!"

ரவி கண்ணை மூடினான்.

"ஒருக்கா நக்கிப் பாத்தனான், கயர்க்குதடி. சீனி போடாமல் செய்திருக்கிறாங்கள், பிரெஞ்சுக்காரர். அந்தச் சீனிப் பேணியை எடு... தண்ணி கனக்க விடாதை, நிறம் வெளுறுது. அரைவாசி காணும். ஐஸ் போடு. கசகசாவும் ஊறப் போட்டனான் எல்லே, அதையும் போடு."

போர்தோவில் கொடி வெட்டிக்கொண்டிருந்த மாமனுக்கு அந்த நேரம் நெஞ்சு நொந்திருக்கும்.

தட்டத்தோடு சுகந்தி வந்தாள். பஸ் தரிப்பில் நின்று சிரித்த அதே முகம். இப்போது சிரிப்பைக் கடித்து வைத்திருந்தாள். பூப்போட்ட உயரமான கண்ணாடிக் கிளாஸ்கள். உள்ளே கருஞ்சிவப்பு, மேலே ஐஸ், கீழே தவளை முட்டைகள்போல ஊறிய கசகசா (தமிழ்நாட்டில் சப்ஜா). அவள் வார இறுதியில் ஒரு விருந்து மண்டபத்தில் பரிமாறும் வேலை செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வைன் எப்படி மணக்கும் என்று அந்த வீட்டாரில் தெரிந்த ஒரே ஆள் அவள். என் முன்னால் குனிந்து நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"சீனி காணுமோ?" என்றாள்.

அவ்வளவுதான். மாஸ்டர் தன் கிளாஸை எடுத்து மூக்குக்கு நேரே உயர்த்தினார். அறுபது வருடம் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். நான் சொல்லவேண்டும். சொன்னால் சுகந்தி இல்லை. சொல்லாவிட்டால் மாஸ்டர் குடிப்பார். நாட்குறிப்பில் அந்த இடத்தில் ஒரு நேரமும் ஒரு சொல்லும்தான் எழுதியிருக்கிறேன்: "3.52. சொல்லவில்லை."

"ம்ம்," என்றார் மாஸ்டர். "நல்ல குளிர்ச்சி. ஒரு காரமும் இருக்கு. பழம் நல்ல பழம் போலை." பசியோடு வந்தவர், ஒரே மூச்சில் பாதியை இறக்கினார்.

நான் கிளாஸை உதட்டில் வைத்து வைத்து எடுத்தேன். ரவி தன்னுடையதை முடித்துவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரம் என்னுடையதை மாற்றி எடுத்தான். "கசகசா போட்டுக் குடிக்கிறது பாவமடா," என்று முணுமுணுத்தபடி அதையும் முடித்தான். குசினிக்குள் பெரியம்மாவும் ஒரு கிளாஸோடு இருந்தா. சுகந்தி தன்னுடையதைத் தொடவில்லை. மாஸ்டர் அதைக் கண்டு, "வேண்டாமே பிள்ளை? வீணாக்காதை," என்று கையை நீட்டினார்.

இரண்டாவது கிளாஸில் பாதி போனதும் அவர் சுவெற்றரின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு அடுத்ததையும். காது இரண்டும் சிவந்திருந்தன. என் வேலை, வருமானம், கோத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஊரில் ஒருமுறை ஆய்வுகூடத்தில் தான் வேண்டுமென்றே ஒரு பரிசோதனைக் குழாயை வெடிக்கவைத்து அதிபரைப் பயப்படுத்திய கதையைச் சொல்லிக் கதிரை குலுங்கச் சிரித்தார். குசினி வாசலில் நின்ற பெரியம்மா, "இந்த மனுசன் சிரிச்சுப் பத்து வருசம்," என்றா. அவவும் சிரித்தா.

திடீரென்று மாஸ்டர் முன்னுக்குக் குனிந்தார்.

"தம்பி, உமக்கு ஒரு உண்மை சொல்லட்டே? பிள்ளைக்கு இருபத்தாறு இல்லை."

"இஞ்சாருங்கோ!" என்றா பெரியம்மா.

"நீர் சும்மா இரும். பொய் சொல்லி ஒரு பிள்ளையைக் கட்டிக் குடுக்கேலாது. இருபத்தெட்டு தம்பி. உம்மிலும் மூண்டு மாசம் மூப்பு."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் திகதி பிழைத்தால் எனக்குத் தாங்காது.

"மூண்டில்லை மாஸ்டர். நாலு."

மாஸ்டரின் புருவம் உயர்ந்தது.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"வியாழன் நிண்ட இடம்..."

"தெரிஞ்சுகொண்டோ வந்தனீர்?"

"ஓம்."

குசினி வாசலில் தட்டம் ஒருமுறை சுவரில் தட்டுப்பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவேண்டும் என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்கோ! பாருங்கோ! இப்பிடி ஒரு நேர்மையான பெடியனை எங்கை கண்டனீங்கள்? ஒண்டையும் ஒளிக்கத் தெரியாத பிள்ளை! கொண்டாரும் அந்த ரசப் போத்தலை. எங்கை செய்ததெண்டு பாப்பம்."

ரவி என் தொடையைக் கிள்ளினான். போத்தல் வந்தது. உள்ளே கோர்க் மிதந்துகொண்டிருந்தது. மாஸ்டர் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாமி கீறிய வீட்டைப் பார்த்தார், முந்திரிகைக் குலையைப் பார்த்தார். பிறகு வருடத்தைப் பார்த்தார்.

"எண்பத்துமூண்டு," என்றார்.

ஒருவரும் பேசவில்லை. பெரியம்மா, "அப்ப நாங்கள்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். போட்டபோது அவர் பழைய இரசாயன மாஸ்டர் ஆகியிருந்தார்.

"பழச்சாறு பதின்மூண்டு வருசம் கெடாமல் இருக்கிறதெண்டால்," என்றார் மெதுவாக, "உள்ளுக்கை என்னத்தைப் போட்டிருக்கிறாங்கள்?" போத்தலைத் திருப்பினார். "எல்லாம் பிரெஞ்சு... இஞ்சை ஒரு கணக்குக் கிடக்கு. பன்னிரண்டு கொமா அஞ்சு வீதம். வொல். வொல் எண்டால் வொலியூம். கனவளவு வீதம்." என்னை நிமிர்ந்து பார்த்து, வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்: "போத்தலிலை கனவளவு வீதம் போட்டால் அது எதைக் குறிக்கும் தம்பி?"

நான் நல்ல மாணவன். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வராது.

"எதனோல், மாஸ்டர். மதுசாரம்."

சரியான விடைதான். அவர் தலையைக்கூட ஆட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். அடியில் கசகசா மட்டும் கிடந்தது.

"நான் எத்தினை கிளாஸ் குடிச்சனான்?"

"ரண்டு, பெரியப்பா," என்றாள் சுகந்தி. "என்ரையையும் சேத்து."

"வெளியிலை போம்!" என்று எழும்பினார். எழும்பிய வேகத்தில் திரும்பவும் இருந்துவிட்டார். "ரசம் எண்டெல்லே சொன்னனீர்?"

"தமிழிலை அதுக்கு அதுதான் சொல், மாஸ்டர். பூசையிலை..."

"வாயை மூடடா," என்றான் ரவி, என் கோட்டை எடுத்துக்கொண்டு. "மாஸ்டர், நாங்கள் வாறம். பெடியனை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. படிச்சுப் பழுதாப்போனவன்."

ஆறாவதும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எழும்பினேன். நான்தான் ஒரு சொட்டும் குடிக்காதவன், எனக்குத்தான் தலை சுற்றியது. வழி மறித்தது பெரியம்மா.

"நில்லுங்கோ. இஞ்சாருங்கோ, இவரைப் போகச் சொன்னால் நாளைக்குச் சனம் கேக்கும், ஏன் குழம்பினது எண்டு. என்ன சொல்லப்போறியள்?"

"குடிகாரப் பெடியன் எண்டு சொல்லுவன்!"

"அவர் குடிக்கேல்லை," என்றாள் சுகந்தி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். கிளாஸை வாயிலை வைச்சு வைச்சு எடுத்தவர். குடிச்சது நீங்களும் பெரியம்மாவும் அந்த அண்ணையும்தான்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். நிர்வாகசபைக் கூட்டத்தில் இந்தக் கதை எப்படி இருக்கும் என்று அவர் மனத்தில் ஓடியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தைப்பூச அன்னதானத்துக்குத் தலைமை தாங்குகிறவர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டு கிளாஸ். அதிலும் ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தது.

"நாலு இருபத்தொண்டு," என்றா பெரியம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்து. "ராகுகாலம் வரப்போகுது."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "பிள்ளை, உனக்கு என்ன?"

"எனக்கு ஓம், பெரியப்பா."

"இந்த விசயம் இந்த நாலு சுவரைவிட்டு வெளியிலை போகக்கூடாது," என்று மாஸ்டர் எங்கள் இருவருக்கும் விரலைக் காட்டினார். "சம்மதம். இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

நேரம் நாலு இருபத்தாறு.

திரும்பும்போது பனி கொட்டியது. காரை ஓட்டியது நான். ரவி பக்கத்துச் சீற்றில் சாய்ந்துகொண்டு வழி முழுவதும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான்: "உன்ரை குணத்துக்கு ஒருத்தரும் பொம்பிளை தரேல்லையடா. எதனோல் தந்தது."

செவ்வாய்க்கிழமை முசியே ஓடிவந்தார். "எப்படி? பிடித்திருந்ததா?"

"பெண்ணின் பெரியப்பா இரண்டு கிளாஸ் குடித்தார், முசியே."

"வருடத்தைக் கவனித்தார்களா?"

"எல்லாரும் கவனித்தார்கள். ஒரு நிமிடம் ஒருவரும் பேசவில்லை."

முசியே நெஞ்சில் கை வைத்தார். மீசை துடித்தது. சீனியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் சுகந்தியிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் ஓம் சொன்னாய் என்று. வயது தெரிந்தும் வந்தது ஒரு காரணம் என்றாள். மற்றது? "ரசம் எண்டு சொல்லேக்கை குசினிக்குள்ளாலை உங்கடை முகத்தைப் பாத்தனான். இந்த மனுசனாலை சாகும்வரைக்கும் என்னட்டை ஒண்டையும் ஒளிக்கேலாது எண்டு விளங்கிச்சு."

எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கலியாண மண்டபத்தில், ஆசீர்வாதம் செய்யக் குனிந்த பெரியம்மா, அட்சதையோடு சேர்த்து என் காதில் ஒரு வேண்டுகோளையும் போட்டிருந்தா. "தம்பி, அண்டைக்கு நல்ல நித்திரை. முழங்கால் நோவும் தெரியேல்லை. அந்த மருந்து இன்னொரு போத்தல் எடுக்கலாமே?"

அன்று தொடங்கியது. மாதம் ஒரு போத்தல். பெரியம்மா கடைக்குப் போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? மாஸ்டர் போகவே முடியாது. ஆகவே நான் போகிறேன். அரசாங்க மதுக்கடையில் வேலை செய்கிறவர்கள் எனக்கு ஓய்வுபெறும் வயதாகிவிட்டதா என்று விசாரிக்கும் அளவுக்குப் பழக்கம். ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் பாதிப்பேர் என்னை அந்தக் கடை வாசலில் கடதாசிப் பையோடு கண்டிருக்கிறார்கள். கோயிலில் என்னைத் தேருக்கு வடம் பிடிக்கக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கொஞ்சம் மூச்சை இழுத்து மணந்து பார்க்கிறார்கள்.

ஒருநாள் நிர்வாகசபை ஆள் ஒருவர் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கடை மருமோனைப் பற்றிச் சொல்லக் கூடாது, எண்டாலும்..." என்று கவலையோடு தொடங்கினாராம். சுகந்தி காதில் விழும் தூரத்தில்தான் நின்றாள். அந்த வாரம் நான் வாங்கிக் கொடுத்த போத்தல் மாஸ்டர் வீட்டுக் குசினியில் பாதியாக இருந்தது. பெரியம்மாவின் முழங்காலுக்கு அவ்வளவு வேகமாக முடிந்திருக்க வழியில்லை. மாஸ்டர் வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்ன பதிலை, எங்கள் வீட்டில் நான் சோற்றைக் குழையவிட்டாலும் சரி, காரைப் பனிக்குள் இறக்கினாலும் சரி, என் பிள்ளைகள் அதே பெருமூச்சோடு திருப்பிச் சொல்கிறார்கள்:

"என்ன செய்யிறது... பெடியன் கலியாணத்துக்கு முதலே அப்பிடித்தான்."